கம்மந்தான் கான்சாகிபு

பிறமொழிச் சொல்லொன்று தமிழிற் புகுங்கால், தன் உருவை மாற்றிக்கொள்வதோடு அமையாது, தான் வந்தடைந்த மண்ணின் வரலாற்றையும் தன்னுள் ஏற்றுக்கொள்ளுதல் உண்டு. கம்மந்தான் என்னுஞ் சொல் அத்தகையது. படைக்குத் தலைமை தாங்குவோனை ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. பதினெட்டாம் நூற்றாண்டிலே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வாழ்ந்த மக்கள் அதனைத் தம் நாவுக்கு ஏற்பத் திரித்து, ஒருவனுக்கே உரிய சிறப்புப் பெயராக ஆக்கிக்கொண்டனர். அவனே முகமது யூசுப்கான். நாட்டு வழக்கிற் கம்மந்தான் கான்சாகிபு. பிள்ளைமைப் பெயர் மருதநாயகம் என்பர்.

இவன் 1763ஆம் ஆண்டிலே, எவர்க்கும் கட்டுப்படாத ஆட்சியாளன் தானே என மதுரையில் நின்று அறிவித்தவன். இரண்டு ஆண்டுக்குச் சிறிது குறைந்த காலம் அவ்வாறே நின்று காட்டியவன். ஆயினும் நாட்டார் அவனை மன்னன் என்று வழங்கினாரல்லர். எந்தக் கொம்பனியாரின் தலைமையை அவன் உதறினானோ, அவர்கள் அளித்த பதவிப் பெயரையே அவன் இறந்த பின்னரும் பற்றிக்கொண்டனர். இந்த வழக்கினுள்ளே அவனுடைய வாழ்க்கையும் வீழ்ச்சியும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன என்பது என் கருத்து.

வெள்ளவத்தையிலே அன்பர் சிலர் கூடும் இலக்கிய வட்டத்திலும், கொட்டாஞ்சேனையில் என்னிடம் பாடங் கேட்கும் மாணவரிடையிலும் இவன் பெயர் எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. விடுதலைப் போரின் முன்னோடி என்று ஒரு சாரார் போற்றுவர். பாளையக்காரரை ஒடுக்கிய வெள்ளையரின் கையாள் என்று மறு சாரார் இகழ்வர். இரு சாராரும் அவன் வாழ்க்கையிற் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டு வாதிடுகின்றனர். முழு வாழ்க்கையையும் ஒருசேர நோக்குதற்கு நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அரசனுக்கு உறுப்புக்கள் ஆறு என வள்ளுவர் வகுத்து வைத்தார். குடி, நட்பு, அமைச்சு, அரண், கூழ், படை என்பன அவை. கான்சாகிபின் அரசுக்கு இவற்றுள் எவை வாய்த்தன, எவை வாய்க்கவில்லை என்று பார்ப்போமாக.

இராமநாதபுரச் சீமையிலே பனையூர் என்னும் சிற்றூரில், 1725ஆம் ஆண்டையொட்டி, வேளாண் குடியொன்றில் அவன் பிறந்தான் என்பது வழிவழி வருஞ் செய்தி. இளமையிலேயே வீட்டை விட்டு நீங்கினான். இசுலாத்தைத் தழுவி யூசுப்கான் எனப் பெயர் பெற்றான். புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரரிடத்துச் சிலகாலம் ஊழியஞ் செய்தான். தஞ்சைப் படையிலே சிப்பாயாக இருந்தான். வடக்கே நெல்லூர் வரை சென்றான். பள்ளியிற் பயின்றவன் அல்லன் எனினும், சென்ற இடமெல்லாம் அவ்விடத்து மொழியைக் கைக்கொண்டான். தமிழோடு ஐரோப்பிய மொழிகள் சிலவும், முசுலிம் அவைகளில் வழங்கிய மொழியும் பேச வல்லவன் ஆனான். படைவீரன் ஒருவனுக்கு அக்காலத்தில் இது வாளினுஞ் சிறந்த கருவியாயிற்று.

அக்காலத்துக் கருநாடகம் இரண்டு பட்டுக் கிடந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். முன்னவனைப் பிரெஞ்சுக்காரரும், பின்னவனை ஆங்கிலக் கொம்பனியாரும் தாங்கினர். 1752ஆம் ஆண்டையொட்டி யூசுப்கான் நெல்லூர்ச் சிப்பாய்களோடு கிளைவின் படையில் வந்து சேர்ந்தான். சந்தா சாகிபு அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டான். எனினும் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிய போர் 1754 வரை ஓய்ந்தபாடில்லை. கோட்டைக்குள் இருந்தோர்க்கு உணவு செல்லவேண்டும். பகைவர் பாசறையின் செய்தி வரவேண்டும். இரண்டையுந் தன் பொறுப்பாக ஏற்றுத் திறம்பட முடித்தவன் யூசுப்கான். பொதிமாடுகளின் நிரையை இரவோடிரவாகப் பகைவர் கண்ணிற் படாது கொண்டுவந்து சேர்க்கும் அவன் வன்மையைத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சு பெரிதும் மதித்தார். பின்னாளில் எந்த முகமது அலியின் ஆணையால் அவன் தூக்கிலே தொங்கினானோ, அந்த முகமது அலியை நவாபு ஆசனத்தில் நிலைநிறுத்துதற்கே அன்று அவன் உழைத்தான்.

உயர்வு வந்த இடத்திற் பொறாமையும் வந்தது. லாரன்சின் துபாசியாகிய பொன்னியப்பன் என்பான், யூசுப்கான் மைசூராரோடு கூடிச் சதி செய்கின்றான் எனக் காட்டும் பொய்க் கடிதமொன்றைப் புனைந்து பகைவரிடமிருந்து அகப்பட்டதாகக் காட்டினான். ஆராய்ந்தபோது சூழ்ச்சி வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டான். யூசுப்கான் மாசற்றவன் என்பது உறுதியாகிக் கொம்பனிச் சிப்பாய்கள் அனைவர்க்குந் தலைவனானான். பொற்பதக்கமும் பெற்றான். கம்மந்தான் என்னும் பெயர் அவனுக்கு வந்தது இவ்வாறே.

ஈண்டு அந்தச் சிப்பாய்ப் படையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பழைய தமிழகத்துப் படை குடியாலும் நிலத்தாலும் பிணைக்கப்பட்டது. பாளையக்காரன் அழைப்பான், அவன்பால் நிலம் பெற்றவர் வேலும் வளரியும் துப்பாக்கியுங் கொண்டு வருவர், போர் முடிந்ததும் ஏர் பிடிக்கச் செல்வர். கொம்பனிப் படையோ திங்கட் சம்பளத்தால் இயங்குவது. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அணிகளாகப் பகுக்கப்பட்டுச் சுபேதார், சமேதார் என்னும் மேலாளரின் கீழ் நிற்பது. ஒரே வகைத் துப்பாக்கி, ஒரே வகைப் பயிற்சி, ஒரு குரலுக்கு ஒரு சேரச் சுடுதல் என்பன அதன் இயல்பு. வணிகக் கூட்டத்துக்கும் கொம்பனி என்றே பெயர். நூறு வீரர் அணிக்கும் கொம்பனி என்றே பெயர். நம் கொழும்பிலே கொம்பனித்தெரு என்னும் பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. வணிகமும் படையும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிய காலம் அது. அந்தப் புதிய படைத்தொழிலைத் தமிழ்நாட்டிலே தமிழன் ஒருவன் முற்றக் கற்றுத் தேர்ந்தான் என்பதே கான்சாகிபின் முதற் சிறப்பு.

1755இல் ஏரன் என்னும் ஆங்கிலத் தளபதி மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டும் பொருட்டுப் படையெடுத்துச் சென்றபோது யூசுப்கானும் உடன் சென்றான். ஏரனுடைய படை மதுரைக்கு அண்மையில் உள்ள கோயிலொன்றின் படிமங்களைக் கவர்ந்தது. மீளும் வழியில், நத்தம் கணவாயிலே கள்ளர் குலத்தார் மறித்துத் தாக்கி அப்படிமங்களை மீட்டுக்கொண்டனர். ஏரன் பின்னர்ப் படைமன்றத்தின் விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தான். ஒரு நாட்டின் கோயிலிற் கைவைப்பவன் அந்நாட்டை ஆளமாட்டான் என்னும் பாடத்தை யூசுப்கான் அங்கே கற்றிருத்தல் வேண்டும். ஏனெனில், பின்னாளில் மதுரையின் ஆட்சி தன் கைக்கு வந்தபோது, மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய வருவாயை மீண்டும் ஒழுங்குபடுத்தி வழங்கினான் என்று மதுரையார் இன்றும் நன்றியோடு கூறுகின்றனர்.

1756இல் அவன் தனித் தலைமையோடு தெற்கே அனுப்பப்பட்டான். மதுரைக் கோட்டை அப்போது பிறர் கையில் இருந்தது. 1757இல் ஆங்கிலத் தளபதி கையோ இருமுறை தாக்கியும் அது வீழ்ந்திலது. முடிவில் உள்ளிருந்தோர்க்கு 1,70,000 ரூபாய் கொடுத்தே கோட்டையைப் பெறவேண்டியதாயிற்று. அக்கோட்டையின் வலிமை எத்தகையது என்பதை யூசுப்கான் வெளியே நின்று அறிந்துகொண்டான். அடுத்த ஆண்டின் இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டபோது, கொம்பனியார் அவனை வடக்கே அழைத்தனர். அவன் செங்கற்பட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை ஓயாது அறுத்தான். நேருக்குநேர் நில்லாது, விரட்டிய திசையினின்றும் விலகி வேறு திசையில் வந்து தாக்கும் அம்முறையால் முற்றுகையிட்டோரே முற்றுகைப்பட்டவர் போலாயினர். 1759 பெப்ரவரியில் லாலி பின்வாங்கினான். சென்னை தப்பியதற்கு யூசுப்கானின் உழைப்பும் ஒரு காரணம் என்பதை ஆங்கில வரலாற்றாசிரியரும் மறுத்திலர்.

அவ்வாண்டிலேயே மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகையில் அவன் பொறுப்பாயின. இனி அவன் படைத்தலைவன் மட்டுமல்லன், நாடாள்வோனும் ஆனான். குளங்களையுங் கால்வாய்களையுந் திருத்தினான், வழிப்பறியை அடக்கினான், நெசவாளர்க்கும் வணிகர்க்கும் காவல் தந்தான், கோட்டைகளைப் பழுதுபார்த்தான். மதுரையிலே கான்சாமேட்டுத் தெருவும், விருதுநகர் மாவட்டத்திலே கான்சாபுரமும் அவன் பெயரை இன்றும் தாங்கி நிற்பன.

ஆயின் அந்த அமைதிக்குக் கொடுத்த விலை பெரிது. நெற்கட்டுஞ்செவ்வலைத் தலைநகராகக் கொண்ட பூலித்தேவன், மேற்குப் பாளையக்காரரை ஒன்றுகூட்டி நவாபின் வரியை மறுத்து நின்றான். 1759இன் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை யூசுப்கான் தாக்கித் தோற்றான். மண்ணாலும் வைக்கோலாலும் குழைத்தெடுத்த அக்கோட்டைச் சுவரிற் பீரங்கிக் குண்டு பாய்ந்து புதைந்ததேயன்றி அதனை உடைத்திலது. எனினும் அவன் விட்டானல்லன். திருவிதாங்கூர் மன்னனோடு நட்புப் பூண்டு, களக்காட்டை அவனுக்கு விட்டுக்கொடுத்துத் துணை பெற்றான். 1761இல் நெற்கட்டுஞ்செவ்வல் வீழ்ந்தது, வாசுதேவநல்லூரும் வீழ்ந்தது. நாடு அடங்கியது. ஆயின் நாளைக்குத் துணையாக வரக்கூடியவர் எல்லாரும் அன்றே முறிந்துபோயினர்.

இவ்விடத்திற் கொழும்பு வாசகர்க்கு உரிய செய்தியொன்று உண்டு. தூத்துக்குடியும் அதனையொட்டிய கரையும் அக்காலத்தில் ஒல்லாந்தர் வசம் இருந்தன. அக்கரை கொழும்பிலிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதியின் ஆணைக்கு உட்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாக மேட்டிலே நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் சுண்ணம் நன்கு உலருமுன்னரே, 1760 யூனில், கொழும்பிலிருந்து ஐரோப்பியப் போர்வீரர் ஏறத்தாழ இருநூற்றுவர் கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கினர். நாகபட்டினத்திலிருந்தும் ஒரு படை வந்து சேர்ந்தது. அவர்கள் தாமிரபரணிக் கரையிலே ஆழ்வார்திருநகரி வரை முன்னேறினர். யூசுப்கான் விரைந்து வருகின்றான் என்பதை அறிந்ததும், போர் செய்யாமலே தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டனர். ஈழத்துக் கரைகளை ஆண்ட ஒல்லாந்தர் நிலத்திலே அவனுக்கு அஞ்சினர். ஆயின் கடல் என்றும் அவர்களுடையதாகவே இருந்தது. அவன் அரசு முற்றும் நிலப்படையால் ஆன அரசு. துறைமுகம் ஒன்றும் அவன் கையில் இல்லை. கடல்வழியே துணை வரவேண்டிய நாளில் இக்குறை அவனைக் கொல்லும்.

1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. பிரெஞ்சுப் பகை ஒழிந்ததும் கொம்பனியார்க்கு யூசுப்கானின் தேவை குறைந்தது. நவாபு முகமது அலியோ, தன் நாட்டிலே தன்னினும் வலியவனாய் ஒருவன் வளர்வதைப் பொறுத்தானல்லன். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டுக்கு ஏழு இலட்சமாக நான்காண்டுக்குக் குத்தகை எடுக்கின்றேன் என யூசுப்கான் கேட்டான். அது மறுக்கப்பட்டது. அவன் நவாபின் ஊழியனே என்றும், வரிப்பணத்தை நவாபுக்கே செலுத்தவேண்டும் என்றும் ஆணை வந்தது. பத்தாண்டு கொம்பனியின் படைத்தலைவனாக இருந்தவனுக்கு இது பொறுக்கலாகா இழிவாகப்பட்டது. நவாபின் கையில் தன்னை ஒப்புவித்தல் சாவுக்கு ஒப்புவித்தலே என்பதையும் அவன் உணர்ந்திருந்தான்.

இதே காலத்தில், 1762இல், சென்னைக் கொம்பனியார் பைபசு என்பவரைக் கண்டி மன்னன் கீர்த்திசிறீ இராசசிங்கனிடம் தூது அனுப்பினர். அம்மன்னனோ மதுரை நாயக்கர் உறவினன். ஒல்லாந்தரோடு போரில் இருந்தவன். பாக்குநீரிணையின் இரு மருங்கும் ஒரே வலையின் கண்ணிகளாய்க் கிடந்தமை இதனால் விளங்கும். அந்த வலையை அறுத்துக்கொண்டு தனியே நிற்க முனைந்தவன் மதுரைக் கம்மந்தான் ஒருவனே.

1763இன் தொடக்கத்தில் அவன் தன்னைச் சுதந்தர ஆட்சியாளனாக அறிவித்து, மதுரைக் கோட்டையிற் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். மார்ச்சண்டு என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவன் ஐரோப்பியர் சிலரோடு வந்து சேர்ந்தான். இங்கே விதியின் கொடுமையைக் காண்க. அதே ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாளிற் பாரிசு நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். முகமது அலியே கருநாடகத்தின் முறையான நவாபு என்பதைப் பிரெஞ்சு அரசு அதில் ஒப்புக்கொண்டது. கப்பல்வழிச் செய்தி பல திங்கள் கழித்தே வந்து சேரும் காலம் அது. எந்த அரசின் கொடியை நம்பி யூசுப்கான் மதுரையில் ஏற்றினானோ, அந்த அரசு அவன் பகைவனுக்குக் கைச்சாத்திட்டுக் கொடுத்துவிட்டது.

சுற்றும் நோக்கினும் துணை இல்லை. மைசூரின் ஐதரலி அவ்வாண்டிற் பெத்தனூரைக் கைப்பற்றுவதில் முனைந்திருந்தான். அன்றியும், 1760இல் திண்டுக்கற் பக்கத்தில் மைசூர்ப் படையை எதிர்த்து நின்றவன் இதே யூசுப்கானே. இராமநாதபுரமும் சிவகங்கையும் புதுக்கோட்டையும் நவாபின் பக்கம் நின்றன. மேற்குப் பாளையங்களின் முதுகெலும்பை அவனே முறித்திருந்தான்.

1763 செப்டம்பரிற் கொம்பனிப் படை மன்சன் என்பவன் தலைமையில் மதுரையை வளைத்தது. தன்னிடம் பயின்றவரையும் தன்னோடு பயின்றவரையும் பகைவராக எதிர்நோக்கவேண்டிய நிலை யூசுப்கானுக்கு வந்தது. அவர்களுடைய போர்முறை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். கோட்டையைப் பலப்படுத்தி, மருந்தும் குண்டும் நெல்லும் குவித்து வைத்திருந்தான். மழைக்காலம் வந்தது, முற்றுகையிட்டோர் பெருஞ் சேதத்தோடு விலகினர். மறு ஆண்டு மேசர் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். 1764 யூன் இறுதியிற் சுவரை உடைத்துக்கொண்டு உட்புகச் செய்த பெருமுயற்சியும் முறியடிக்கப்பட்டது. மேசர் பிரசுட்டன் அதிற் படுகாயமுற்று இறந்தான். போரினால் மதுரையைக் கொள்ளல் இயலாது என்பதை ஆங்கிலேயர் உணர்ந்து, பசியினாற் கொள்ளக் கருதினர். எல்லா வழிகளும் அடைக்கப்பட்டன.

அரண் நின்றது, கூழ் குறைந்தது. கூழ் குறையவே படையின் உள்ளம் தளர்ந்தது. கூலிக்கு நிற்கும் படைக்கு மாதச் சம்பளமே உயிர். அது நின்றபோது அந்தப் படையைப் பிணைத்து நிறுத்த வேறு கயிறு இல்லை. யூசுப்கானோ நாளுக்கு நாட் கடுமை மிகுந்தவனாய்த் தன்னைச் சூழ்ந்தோரையே ஐயுறலானான். மார்ச்சண்டோடு சொல்வாதம் முற்றிச் சவுக்கால் அடித்தான் என்பர். அமைச்சனாகிய சீனிவாசராவும், மருத்துவனாகிய பாபா சாகிபும், அந்த மார்ச்சண்டுங் கூடி, 1764 அக்டோபர் 13ஆம் நாள், அவன் தொழுகையில் இருந்த வேளையில், ஆயுதமின்றி இருந்தவனைப் பிடித்து அவன் தலைப்பாகையினாலேயே கட்டினர். ஒருவருடத்துக்கு மேலாகக் கொம்பனியின் பீரங்கிகள் செய்யமாட்டாததை ஒரு முழத்துணி செய்து முடித்தது.

மறுநாட் கோட்டை காம்பெல்லின் கைக்கு வந்தது. அக்டோபர் 15ஆம் நாள், நவாபின் ஆணைப்படி, மதுரைக்கு மேற்கே பாசறை இருந்த இடத்தில் அவன் தூக்கிலிடப்பட்டான். கிறித்தவக் குடும்பத்தில் வந்த மனைவி மாசாவும், இரண்டு மூன்று வயதுப் பாலகன் ஒருவனும் பின்னே நின்றனர். அவன் உடலைப் பகுத்துப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்று மக்கள் கூறுவர். இறந்த பின்னரும் அவன் எழுந்து வந்துவிடுவான் என்னும் அச்சம் பகைவர்க்கு இருந்தது என்பதையே அக்கூற்றுக் காட்டுகின்றது. சம்மட்டிபுரத்தில் அவன் அடங்கிய இடத்தின்மீது 1808இல் எழுப்பப்பட்ட தர்கா இன்றும் உள்ளது.

இனி நாம் எடுத்துக்கொண்ட அளவுகோலால் அளந்து பார்ப்போம். அரண் அவனுக்கு இருந்தது. மதுரைக் கோட்டை அவன் உயிரோடு நிமிர்ந்து நின்றவரை எவர்க்கும் வாயில் திறந்திலது. கூழ் இருந்தது, ஆயின் கடல் இன்மையால் அது புதுக்கப்படும் வழி இல்லை. அமைச்சு இருந்தது, அதுவே காட்டிக்கொடுத்தது. நட்பு அறவே இல்லை. இருந்திருக்கக்கூடிய நட்பை அவன் வாளே அறுத்தது. குடியோ அவனை வெறுத்ததன்று. குளந் திருத்தியவன், கோயிலைக் காத்தவன் என்று மதித்தது. ஆயினும் அவன்பொருட்டு எழுந்து போர் செய்யும் உரிமையோ கடமையோ தனக்குண்டென அது கருதியதாகத் தெரியவில்லை. எஞ்சியது படை.

அந்தப் படையும் எத்தகையது? திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகையாகப் பகுத்தார். தந்தை வழியாய், தாத்தா வழியாய், ஒரு குடியோடு ஒட்டி வந்து, அழிவு வந்த இடத்தும் பிரியாது நிற்பது மூலப்படை. கான்சாகிபிடம் உலகத்தில் எப்படைக்கும் இளையாத கூலிப்படை இருந்தது; பிரெஞ்சுத் துணைப்படை இருந்தது. மூலப்படை இல்லை, இருக்கவும் இயலாது. மூலப்படையை ஒரு தலைமுறையிற் சம்பளங் கொடுத்து ஆக்கிக்கொள்ளல் எவர்க்கும் கூடாது. அது பாளையக்காரரிடம் இருந்தது. அவர்களிடம் மூலப்படை இருந்தும் புதிய படைப்பயிற்சி இல்லை. அவனிடம் பயிற்சி இருந்தும் மூலப்படை இல்லை. இரண்டும் ஒன்றுசேரக்கூடிய காலம் 1759க்கும் 1761க்கும் இடைப்பட்ட காலமே. அக்காலத்தில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. பூலித்தேவனும் யூசுப்கானும் எதிரெதிரே நின்ற அம்மூன்றாண்டுகளிலேயே தென்பாண்டி நாட்டின் பிற்கால விதி எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

ஆதலின், கையாள் என்று இகழ்வாரையும் விடுதலை வீரன் என்று போற்றுவாரையும் நோக்கி நான் கூறுவது ஒன்றே. அவன் கொம்பனிக்கு ஊழியஞ் செய்தது உண்மை. அந்த ஊழியத்திலே பொய் செய்தானல்லன். கொம்பனியை எதிர்த்ததும் உண்மை; அந்த எதிர்ப்பிலே கோழையாயினானல்லன். பிறர்க்காக நாட்டை அடக்கிய ஒருவன், தனக்காக அதே நாட்டை எழுப்பிவிட இயலவில்லை என்பதே அவன் வாழ்க்கையின் துன்பம். கொம்பனியாரும் இதிலிருந்து ஒரு பாடம் கற்றனர் போலும். இத்துணைப் பெரும் படைத்தலைமையை ஓர் இந்தியன் கையில் அவர்கள் பின்னர் எளிதில் ஒப்புவித்தாரல்லர்.

நாட்டுப்புற மக்கள் அவனை மறந்தாரல்லர். கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை அவர்கள் நெடுங்காலம் பாடிவந்தனர், பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்து உதவினார். 1997இல் அவன் கதையைத் திரைப்படமாக்கும் முயற்சியொன்று மிகுந்த ஆரவாரத்தோடு தொடங்கி முற்றுப்பெறாது நின்றது. வரலாற்று நூலார் ஆட்சியாளன் என்றும், கலகக்காரன் என்றும் தத்தமக்கு ஏற்பப் பெயரிடுவர். மக்கள் இட்ட பெயர் கம்மந்தான். அவன் பெற்றது எது, பெறாதது எது என்பதை அந்த ஒரு சொல் நடுவுநிலை பிறழாது சொல்லிவிடுகின்றது. அவனுக்குப் படை இருந்தது. அதனைத் திறம்பட நடத்தினான். அதற்குமேல் அரசு என்று ஒன்று அமையுமுன்னரே அவன் காலம் முடிந்தது.

மாணவர் எவரேனும் மதுரைக்குச் செல்வாராயின், மீனாட்சியம்மை சந்நிதியைத் தொழுதபின் மேற்கே சம்மட்டிபுரத்துக்குஞ் சென்று வருவாராக. அக்கோயிலின் விளக்கு எரிய வழிசெய்தவன் என்று மதுரையார் நன்றியோடு நினைக்கும் ஒருவன் அங்கே உறங்குகின்றான்.